மோட்டார் எஞ்சின் பராமரிப்பு: பிளக்கைக் கண்டு பழுதறிதல்

தறிக்காரர்க்கும் தோட்டக்காரர்க்கும் மோட்டார் வண்டியோடு என்ன உறவு என்று வினவுவோர் இன்று எவருமிலர். அனகாபுத்தூரில் நெய்து மடித்த சேலை மூட்டையும், முடிச்சூர்ப் பக்கம் விடியுமுன் அறுத்துக் கட்டிய கீரையும் வண்டியேறித்தான் பட்டணம் சேருகின்றன. மூட்டையாவது ஒரு நாள் பொறுக்கும், கீரை பொறுக்காது. பெருங்களத்தூரைத் தாண்டி பைபாஸ் சாலையில் ஏறியதும் எஞ்சின் விக்கி விக்கி நின்றுவிடுமாயின், கோயம்பேட்டில் சந்தை கலைந்த பிறகு போய்ச் சேரும் கட்டுக்கு வண்டிச் செலவுகூடத் தேறாது.

இவ்வாறு நின்றுபோகும் வண்டிகளில் பலவற்றின் குறை முதலில் தலைகாட்டும் இடம், விரலளவே உள்ள ஸ்பார்க் பிளக் ஆகும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அவர் பழையதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டுவார், வண்டியும் ஓடும். மூன்று வாரம் சென்றதும் மறுபடி அதே விக்கல். காரணம் யாதெனில், பெரும்பாலான வேளைகளில் பிளக் நோயன்று; நோயின் அடையாளம். எஞ்சினுக்குள் நடப்பதை அறிவிக்கும் ஒரே உறுப்பு அதுதான். அதன் முனையை உற்றுப் பாராமல் புதியதை மாட்டுவது, வந்த கடிதத்தைப் பிரியாமலே அடுப்பிலிடுவதற்கு ஒப்பாகும். அக்கடிதத்தைப் படிக்கும் வகையையும், பிளக்கின் இடைவெளியை வீட்டிலேயே சரிசெய்து கொள்ளும் முறையையும் இங்கே கூறுவோம்.

டீசல் வண்டி வைத்திருப்போர்க்கு இக்கட்டுரையில் வேலை குறைவு. டீசல் எஞ்சினில் காற்று மிக அழுத்தப்பட்டுத் தானே சூடேறி எண்ணெயைக் கொளுத்துகிறது. அங்கே ஸ்பார்க் பிளக் கிடையாது. நாம் பேசுவது பெட்ரோல் எஞ்சினைப்பற்றி. அதிலும் முக்கியமாக, கைமாறிக் கைமாறி நம்மிடம் வந்து சேர்ந்த பழைய மாருதி 800, ஆம்னி, அம்பாசிடர் போன்றவற்றைப்பற்றி. அம்பாசிடரும் மாருதி 800-உம் 2014-இலும் ஆம்னி 2019-இலும் உற்பத்தி நின்றவை. ஆயினும் சாலையில் இன்னும் காணலாம்.

நம் பக்கத்தார்க்கு இவ்வேலை புதிதன்று. 1948-இல் நிறுவப்பெற்ற ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் கம்பெனி, தாம்பரத்துக்குத் தெற்கே வண்டலூரில் கார்கள் செய்து வந்தது. 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1972 முதல் கெஸல், 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்பன அங்கிருந்து வெளிவந்தன. 1988-இல் உற்பத்தி நின்றுவிட்டது. ஹெரால்டின் அமைப்பில் ஒரு சிறப்புண்டு. அதன் பானெட்டும் முன்புற மட்கார்டுகளும் ஒரே துண்டாக இணைந்து, முன்புறக் கீலில் சாய்ந்து முழுவதுமாகத் திறக்கும். சக்கரத்தின் அருகே நின்றுகொண்டே பிளக், கார்புரேட்டர், டிஸ்டிரிபியூட்டர் எல்லாவற்றையும் தொடலாம். வீட்டுக்காரரே வேலை செய்துகொள்ளட்டும் என்று எண்ணி அமைத்தார்களோ என்று தோன்றும். பின்னாளில் வந்த வண்டிகளில் அந்தத் தாராளம் இல்லை. ஆம்னியில் எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கிறது. இருக்கையைத் தூக்கினால்தான் முகம் தெரியும். ஆயினும் இரண்டு முறை செய்து பழகியவர்க்கு அதுவும் கடினமன்று.

பிளக் செய்யும் வேலை

பேட்டரி தருவது 12 வோல்ட்டே. காயில் அதனைப் பதினாயிரம், இருபதினாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. டிஸ்டிரிபியூட்டர் அந்த மின்சாரத்தை முறை வைத்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் பகிர்ந்து கொடுக்கிறது. பிளக்கின் நடுவே வெள்ளைப் பீங்கானுக்குள் ஓர் உலோகக் கம்பி இருக்கிறது. பக்கத்திலிருந்து வளைந்து வந்து அதற்கு நேரே நிற்பது மற்றொரு சிறு முனை. இவ்விரண்டுக்கும் இடையே மயிரிழை போன்ற வெளி. மின்சாரம் அவ்வெளியைத் தாவும்போது எழும் பொறியே பெட்ரோல் கலந்த காற்றைக் கொளுத்துகிறது. எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுழலும்போது ஒவ்வொரு பிளக்கும் நிமிஷத்துக்கு 1,500 முறை, அதாவது வினாடிக்கு 25 முறை, பொறி தரவேண்டும். ஜெர்மனி தேசத்துப் பாஷ் தொழிற்சாலையில் ஹோனோல்டு என்னும் பொறியாளர் உயர்ந்த வோல்ட் தரும் மாக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் 1902-இல் அமைத்தார். உள்ளிருக்கும் உலோகங்கள் எத்தனையோ மாறியும், உருவம் இன்றளவும் ஏறக்குறைய அதுவே.

இடைவெளி குறைந்தால் பொறி சிறுத்துப் போகும். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது நடுங்கும். மிகுந்தால் மின்சாரம் தாவ இயலாமல், பாரம் ஏற்றிப் பாலத்தின் மேட்டில் ஏறும்போது விட்டு விட்டு எரியும். ஒவ்வொரு பொறியும் முனையிலிருந்து துளித்துளியாய் உலோகத்தைத் தின்பதால், நாளாக ஆக இடைவெளி தானே விரிகிறது. கூரிய விளிம்பும் மழுங்குகிறது. மழுங்கிய விளிம்பிலிருந்து பொறி தாவுவதற்கு அதிக வோல்ட் வேண்டும். ஆதலின், இடைவெளியைப் பார்க்காமல் விட்டவர் காயிலையும் சேர்த்து வருத்துகிறார்.

ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் இழப்பு பெட்ரோலோடு முடிவதில்லை. எரியாத பெட்ரோல் சிலிண்டரின் சுவரிலுள்ள எண்ணெய்ப் பூச்சைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, எஞ்சின் ஆயிலோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். பிஸ்டன் ரிங் தேயும். புகைக் குழாயில் காட்டலிடிக் கன்வெர்ட்டர் பொருத்திய வண்டியாயின், எரியாத பெட்ரோல் அங்கே சென்று எரிந்து, விலையுயர்ந்த அப்பாகத்தையே உருக்கிவிடும். சிறு பிளக்கைக் கவனியாத குற்றத்துக்கு இது பெரிய தண்டம்.

கழற்றும் முறை

வேலையை எஞ்சின் ஆறியபின் தொடங்குக. சூடாயிருக்கையில் பிளக்கைக் கழற்றினால், அலுமினியத்தால் ஆன சிலிண்டர் ஹெட்டின் மரை பிய்ந்துவரும் அபாயம் உண்டு. ஹெரால்டு, அம்பாசிடர் ஆகியவற்றின் ஹெட் வார்ப்பிரும்பு. மாருதி 800, ஆம்னியின் ஹெட் அலுமினியம். மேல்துண்டைக் கழற்றி வையுங்கள். வேஷ்டியை மடித்துக் கட்டுங்கள். சுழலும் விசிறிக்கு வேஷ்டியென்றும் விரலென்றும் தெரியாது. பிற்கால வண்டிகளில் மின்விசிறி, எஞ்சின் நின்றபின்னும் தானாகவே சுழலத் தொடங்கும் என்பதையும் மறக்கலாகாது.

முதலில் ரேடியேட்டர்ப் பக்கத்திலிருந்து, அல்லது கையேட்டில் காட்டிய பக்கத்திலிருந்து, சிலிண்டர்களை 1, 2, 3 என எண்ணி, ஒவ்வொரு வயரிலும் துணி நாடா ஒன்றைக் கட்டி எண் எழுதுக. ஹெரால்டிலும் அம்பாசிடரிலும் எரியும் முறை 1, 3, 4, 2; மூன்று சிலிண்டர் மாருதியில் 1, 3, 2. வயர் மாறிப்போனால் வண்டி எழும்பாது. அல்லது துப்பாக்கி வெடித்தாற்போல் கார்புரேட்டர் வழியே வெடிக்கும். வயரைப் பிடுங்கும்போது தலையிலுள்ள தொப்பியைப் பிடித்து இழுக்கவேண்டும். வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே அறுந்து, வெளியே ஒன்றும் தெரியாமல் நம்மைப் பல நாள் அலைக்கழிக்கும்.

பிளக்கைச் சுற்றியுள்ள குழியில் மணலும் தூசியும் அடைந்திருக்கும். சைக்கிள் பம்பால் ஊதி அதனை அகற்றியபின்னரே பிளக் ஸ்பேனரைப் போடுக. இன்றேல் அம்மணல் முழுவதும் சிலிண்டருக்குள் விழும். கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படியே ஒரு பலகையின்மேல் வைக்கவேண்டும். கலந்துவிட்டால் எந்தக் கடிதம் எந்த வீட்டிலிருந்து வந்ததென்பது தெரியாமற் போகும்.

நிறம் கூறும் செய்தி

பயிரிடுவோர் இலையின் நிறத்தைப் பார்த்து வேரின் நிலையைச் சொல்வர். பிளக்கிலும் அங்ஙனமே. முனையைச் சூழ்ந்துள்ள பீங்கான் மூக்கைப் பாருங்கள்.

வறுத்த வேர்க்கடலைத் தோல்போல் இளம் பழுப்பாகவோ சாம்பல் கலந்த பழுப்பாகவோ இருந்தால் எல்லாம் நலம். ஒரு குறிப்பு: பழைய கையேடுகள் கூறும் நிறம் சற்று அழுத்தமானது. அக்காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. 2000-ஆம் ஆண்டு நாடெங்கும் அது நிறுத்தப்பட்டபின், நல்ல எஞ்சினிலும் பிளக்கின் நிறம் வெளிறியே காணும். அது கண்டு அஞ்சவேண்டுவதில்லை.

சிம்னி விளக்கின் கண்ணாடியில் படிவதுபோல் காய்ந்த மைக்கரி, விரலால் துடைத்தால் வருவது, படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, காற்றுக் குறைவு. சோக்கை இழுத்துவிட்டு உள்ளே தள்ள மறந்திருக்கலாம். கார்புரேட்டரின் மிதவை பழுதாகியிருக்கலாம். பெரும்பாலும் ஏர் கிளீனர் அடைத்திருக்கும். நம் பகுதிச் சாலைகளின் புழுதிக்கு, கையேட்டில் சொன்ன கெடுவுக்கு முன்பே ஏர் கிளீனரைத் தட்டிப் பார்ப்பது நலம். பஞ்சு மூட்டையும் நூல் மூட்டையும் ஏற்றும் வண்டியில் இழைத்தூசும் சேர்ந்து அடைக்கும். இன்னுமொரு காரணத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பிளக்கின் மூக்கு ஏறத்தாழ 500 பாகை சென்டிகிரேட் சூடேறினால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். சங்கத்திலிருந்து தாம்பரம் ரயில் நிலையம் வரை போய்த் திரும்பும் வண்டிக்கு அந்தச் சூடு ஏறுவதேயில்லை. அத்தகைய வண்டியைச் செங்கற்பட்டு வரை ஒருமுறை நிற்காமல் ஓட்டிவந்து பின்பு பார்த்தால், பாதிக் கரி பறந்திருக்கும்.

கரி ஈரமாகவும் பிசுபிசுப்பாகவும் பளபளத்தால் அது எஞ்சின் ஆயில். பிஸ்டன் ரிங்கோ வால்வின் உறையோ தேய்ந்து ஆயில் மேலேறுகிறது என்று பொருள். ஒரு சிலிண்டரில் மட்டும் இவ்வாறு காணின் அந்த ஒன்றுதான் தேய்ந்தது. எல்லாவற்றிலும் காணின் எஞ்சின் முழுவதும் களைத்துவிட்டது. பிளக்கை எத்தனை முறை துடைத்தாலும் இது நீங்காது. பழைய வண்டி வாங்கப் போகும் அங்கத்தினர், விற்பவரின் பேச்சைக் கேட்பதற்கு முன் பிளக்குகளைக் கழற்றிக் காட்டும்படி கேட்பது நல்லது. மறுப்பவரிடம் வாங்காதிருப்பது அதனினும் நல்லது.

மூக்கு சுண்ணாம்புபோல் வெளுத்தோ, கொப்புளம் கொண்டோ, முனை உருகித் தேய்ந்தோ இருந்தால் அளவுக்கு மிஞ்சிய சூடு. ரேடியேட்டரில் நீரில்லை, டைமிங் முன்னேறியிருக்கிறது, பெட்ரோல் போதாமல் காற்று மிகுந்திருக்கிறது, அல்லது அந்த எஞ்சினுக்கு ஏலாத பிளக்கை மாட்டியிருக்கிறார்கள். 850 பாகைக்கு மேல் சூடேறிய முனை, பொறி வருமுன்னரே கலவையைக் கொளுத்தத் தொடங்கும். பிஸ்டனில் ஓட்டை விழுவது இதனால்தான். கரி படிந்த பிளக் வண்டியை நிறுத்தும். வெளுத்த பிளக் எஞ்சினையே நிறுத்தும். ஆகவே, எல்லா நிறங்களிலும் அதிகமாக அஞ்சத்தக்கது வெள்ளையே.

இங்கே 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலைப்பற்றியும் ஒரு வார்த்தை. 2025-இல் இது நாடெங்கும் பரவிவிட்டது. கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் அரிசியிலிருந்தும் எடுக்கப்படுவதாதலின், பயிரிடுவோர்க்கு இதில் வருத்தமில்லை. ஆனால் எத்தனால் எரிவதற்குப் பெட்ரோலைவிடக் குறைந்த காற்றே போதும். கலவையைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும் புதிய எஞ்சினுக்கு இது பொருட்டன்று. கார்புரேட்டர் வைத்த பழைய எஞ்சினுக்கு அத்திறமில்லை; அதற்குக் காற்று மிகுந்துபோன கணக்காகிறது; பிளக் முன்னைவிட வெளுக்கலாம். வெளுப்பு மிகுந்தால் கார்புரேட்டரைத் தேர்ந்தவரிடம் காட்டிச் சற்றே பெட்ரோலைக் கூட்டச் சொல்லவேண்டும். பழைய ரப்பர்க் குழாய்களையும் பெட்ரோல் கசிகிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, பிளக் பெட்ரோலில் நனைந்து வாசனை வீசினால், அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் போகிறது, பொறி போகவில்லை. ஐப்பசி கார்த்திகை மாதங்களின் காலைப்பொழுதில் இது அடிக்கடி நேரும். டிஸ்டிரிபியூட்டர் மூடியின் உட்புறத்திலும் வயர்களிலும் ஈரம் பூத்து, மின்சாரம் வழியிலேயே ஒழுகிப் போகும். உலர்ந்த கைத்தறித் துணியால் துடைத்தாலே பெரும்பாலும் தீரும்.

சங்கத்து வண்டியாயின் இன்னொன்று செய்யவேண்டும். ஓட்டுவோர் பலராயிருக்கும் வண்டியைப் பார்ப்போர் ஒருவரும் இலர் என்னும் நிலை எளிதில் வந்துவிடும். கணக்குப் புத்தகத்தோடு ஒரு சிறு நோட்டுப் புத்தகமும் வைத்து, ஒவ்வொரு முறை பிளக்கைக் கழற்றும்போதும் தேதி, ஓடிய கிலோமீட்டர், ஒவ்வொரு சிலிண்டரின் நிறம் ஆகியவற்றை எழுதி வந்தால், சென்ற முறைக்கும் இம்முறைக்கும் உள்ள வேற்றுமையே நோயைச் சொல்லிவிடும். பழைய வண்டிக்கு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்த்தல் போதும்.

துடைத்தலும் இடைவெளி வைத்தலும்

கரியைச் சிறிது பெட்ரோலும் பழைய பல் பிரஷும் கொண்டு கழுவி, நன்றாக உலர்த்துக. அருகில் பீடி, அடுப்பு கூடாது. பீங்கான் மூக்கைக் கத்தியால் சுரண்டினால் கீறல் விழும். கீறலில் கரி மேலும் விரைவாகப் படியும். உப்புத்தாளால் தேய்ப்பதும் அவ்வாறே. உலோக முனைகளின் மழுங்கிய விளிம்பை மட்டும் மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துக் கூராக்கலாம். பீங்கானில் வெடிப்பு கண்ட பிளக்கைத் தயங்காது எறிந்துவிடுக.

இடைவெளியை அளப்பதற்கு ஃபீலர் கேஜ் வேண்டும். தகடுகளாக உள்ளதைவிட உருண்டைக் கம்பிகளாக உள்ள கேஜே பிளக்குக்கு ஏற்றது. ஓடித் தேய்ந்த பக்க முனையில் சிறு பள்ளம் விழுந்திருக்கும். தட்டைத் தகடு பள்ளத்தின் கரைகளில் நின்றுகொண்டு, உள்ள இடைவெளியைக் குறைத்துக் காட்டும். கம்பி பள்ளத்துக்குள் இறங்கி உண்மையைச் சொல்லும். இதுவும் ஸ்பேனரும் ஒரு சங்கத்துக்கு ஒன்று இருந்தால் போதுமானவை.

ஹெரால்டுக்கும் அம்பாசிடருக்கும் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 25 பாகம், அதாவது 0.64 மி.மீ. மாருதி வண்டிகளில் ஆண்டுக்கும் மாதிரிக்கும் ஏற்ப இது வேறுபடுவதால், கையேட்டையோ பானெட்டின் அடியில் ஒட்டிய அட்டையையோ பார்த்துக்கொள்க. திருத்தும்போது வளைக்கவேண்டியது பக்க முனையையே. நடுக்கம்பியில் திருப்புளியை ஊன்றி நெம்பினால் உள்ளே பீங்கான் வெடித்துவிடும். இடைவெளி விரிந்திருந்தால், பக்க முனையை மரக்கட்டையின்மேல் மெல்லத் தட்டுக. குறுகியிருந்தால், கேஜிலுள்ள கொக்கியால் இழுக்க. அளவான கம்பி சிறிதே உராய்ந்து செல்லவேண்டும். அடுத்த பெரிய கம்பி நுழையலாகாது. பாவு இழையின் இறுக்கத்தை விரலால் அறிந்த நெசவாளர்க்கு இந்த உராய்வை நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

திரும்ப மாட்டும்போது முதல் மரைகளை விரலாலேயே திருகவேண்டும். விரலுக்கு இடம் எட்டாவிட்டால், ஒரு துண்டு ரப்பர்க் குழாயைப் பிளக்கின் தலையில் செருகித் திருகலாம். மரை மாறினால் குழாய் வழுக்கும், ஆகவே கெடுதல் நேராது. விரலிறுக்கம் வந்தபின் புதிய வாஷர் உள்ள பிளக்குக்கு அரைச் சுற்று. முன்பே உபயோகித்த வாஷருக்குக் கடிகார முள் ஒரு மணி நகரும் அளவே போதும். பலத்தைக் காட்டும் இடம் இதுவன்று.

இவ்வளவும் செய்தபின்னும் ஒரு சிலிண்டர் எரியாவிட்டால், அதன் பிளக்கைக் கழற்றி நன்றாக எரியும் மற்றொரு சிலிண்டரின் பிளக்கோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள். குறை பிளக்கோடு கூடப் போனால் பிளக் கெட்டது. பழைய இடத்திலேயே தங்கினால் வயரையோ டிஸ்டிரிபியூட்டரையோ வால்வையோ பார்க்கவேண்டும். ஒரே இடத்தில் பாவு இழை அறுந்துகொண்டே இருந்தால், நெசவாளி நூலைக் குறை கூறாமல் அந்த இடத்து அச்சுப் பல்லைத் தடவிப் பார்ப்பதில்லையா? காசு செலவில்லாத இச்சோதனையைச் செய்யாமல் நான்கு பிளக்கும் காயிலும் வாங்கிப் போட்டவர்கள் பலர்.

பழைய வண்டிகளின் டிஸ்டிரிபியூட்டரில் உள்ள பாயிண்டையும் அதே வேளையில் பார்த்துவிடலாம். ஹெரால்டில் அது முழுவதும் திறந்து நிற்கும்போது இருக்கவேண்டிய இடைவெளி ஆயிரத்தில் 15 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.4 மி.மீ. பாயிண்டின் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறுமாதலின், பிறகு டைமிங்கைத் தேர்ந்தவரைக் கொண்டு சரிபார்த்துக் கொள்க.

வாங்கும்போது

பிளக்குகளில் சூட்டை மெதுவாக வெளிவிடுவதும் விரைவாக வெளிவிடுவதும் என இருவகை உண்டு. பீங்கான் மூக்கு நீண்டது முதல் வகை; அதைச் சூட்டுப் பிளக் என்பர். மூக்குக் குட்டையானது குளிர்ப் பிளக். எந்த எஞ்சினுக்கு எது என்பதைப் பிளக்கின்மேல் பொறித்த எண் கூறும். இங்கே ஒரு பொறி இருக்கிறது, தீப்பொறியன்று, எலிப்பொறி. பாஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் கூடக்கூடச் சூடு வகை, என்.ஜி.கே., டென்சோவில் எண் கூடக்கூடக் குளிர் வகை. ஆகையால், ஒரு கம்பெனியின் எண்ணை வைத்துக்கொண்டு மற்றொரு கம்பெனியின் பிளக்கைக் கேட்பது முற்றும் தவறு. பழைய கையேட்டில் மைக்கோ என்று எழுதியிருந்தால் திகைக்கவேண்டாம். பெங்களூரில் 1951-இல் தொடங்கிய அக்கம்பெனியே 2008-இல் பாஷ் என்று பெயர் மாறியது. மரையின் நீளமும் பழையதோடு ஒத்திருக்கிறதா என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீண்டது பிஸ்டனை இடிக்கக்கூடும்.

புதிய கார்களில் டிஸ்டிரிபியூட்டரே இல்லை. பல வண்டிகளில் ஒவ்வொரு பிளக்கின் தலைமேலும் ஒரு காயில் அமர்ந்திருக்கிறது. நடுக்கம்பி ஊசிபோல் மெலிந்த இரிடியம் பிளக்குகளும் வந்துவிட்டன. அவற்றைப் பிரஷால் தேய்ப்பதும், கேஜைத் திணித்து நெம்புவதும் கூடா, அம்முனை ஒடிந்துவிடும். பார்ப்பது வரைக்கும் சரி. எஞ்சின் ஓடும்போது வயரைப் பிடுங்கிச் சோதிக்கும் பழைய பழக்கத்தையும் இவ்வண்டிகளில் கைவிடவேண்டும். இவற்றின் மின்சாரம் முப்பதினாயிரம் வோல்ட்டையும் கடக்கும். ஆளையும் தாக்கும், கம்ப்யூட்டரையும் கெடுக்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். அடையாறு கரைபுரண்டு முடிச்சூர், வரதராஜபுரம், அனகாபுத்தூர்ப் பக்கங்களில் வீட்டுக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருக்களில் நீர் தேங்கிற்று. வெள்ளம் வடிந்ததும் வண்டிக்காரர் செய்யும் முதற் காரியம், ஓடுகிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருகுவது. வெள்ளத்தில் பிழைத்த எஞ்சின் சாவது அந்தத் திருகலில்தான். காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் நீர் நிற்கும்போது பிஸ்டன் மேலேறினால், வழியின்றிக் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இத்தகைய சேதத்தைச் சாதாரணக் காப்பீட்டுப் பத்திரத்தில் ஏற்க மறுப்பதும் உண்டு. ஆகவே, நீர் வந்த உயரத்தைக் காட்டும் அடையாளம் அழியுமுன் படமெடுத்து வைத்துக்கொண்டு, காப்பீட்டுக் கம்பெனிக்குத் தெரிவித்த பிறகே மேற்கொண்டு கை வைக்கவேண்டும். கம்ப்யூட்டர் வைத்த புதிய வண்டியானால் பேட்டரியின் வயரைக் கழற்றிவிட்டு, ஒர்க்‌ஷாப்புக்குக் கட்டி இழுத்துச் செல்வதே தக்கது.

பழைய கார்புரேட்டர் வண்டியை வீட்டிலேயே மீட்கலாம். பேட்டரியைக் கழற்றுக. ஆயில் அளக்கும் குச்சியை எடுத்துப் பாருங்கள். அளவு உயர்ந்திருந்தாலும், ஆயில் பால் கலந்த காப்பிபோல் இருந்தாலும் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. ஏர் கிளீனரின் உட்புறம் நனைந்திருந்தால் சிலிண்டரிலும் நீர் இருக்கும். பிளக்குகள் அனைத்தையும் கழற்றிவிடுக. நீருக்கு இப்போது வெளியேற வழி கிடைத்தது. காயிலுக்கு வரும் மெல்லிய மின்கம்பியையும் கழற்றி வைத்தால், வெளியே தெறிக்கும் பெட்ரோலில் பொறி பட்டுத் தீப்பிடிக்கும் அச்சமில்லை. பின்பு ஆயில் பானின் அடித் திருகாணியைத் திறந்து வடிக்கவேண்டும். நீர் ஆயிலைவிடக் கனமாதலின் முதலில் அதுவே வரும். ஃபில்டரை மாற்றிப் புதிய ஆயில் ஊற்றுக.

அதன்பின் எஞ்சினைக் கையால் சுழற்றவேண்டும். சுழற்றும் கைப்பிடி இல்லாத வண்டியை டாப் கியரில் போட்டு, இரண்டு பேர் பின்னிருந்து மெல்லத் தள்ளலாம். பிளக்குத் துளைகளின் நேரே முகத்தை வைத்துப் பார்க்கலாகாது, நீர் பீச்சியடிக்கும். தடையின்றிச் சுழன்றால், பேட்டரியை மாட்டி ஸ்டார்ட்டரால் சில வினாடிகள் சுழற்றி, எஞ்சிய நீரையும் வெளியேற்றுக. ஒவ்வொரு துளையிலும் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி சுழற்றினால், சிலிண்டரின் சுவர் துருப்பிடிக்காது. பெட்ரோல் டாங்கியில் நீர் சேர்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலில் நீர் புகுந்தால், எத்தனால் நீரோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். அதனை முழுவதும் வடித்துவிடுவதே வழி. டிஸ்டிரிபியூட்டர் மூடி, வயர், பிளக் அனைத்தையும் வெயிலில் உலர்த்தி, இடைவெளி பார்த்து மாட்டியபின் கிளப்பலாம். மூடிய கொட்டகைக்குள் வேண்டாம். புகையிலுள்ள நச்சுக் காற்றுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

முதல் நாள் ஓடியதும் ஆயிலை மீண்டும் பாருங்கள். பால் நிறம் தோன்றினால் மறுபடியும் மாற்றவேண்டும். சில வேளை மூன்றாம் முறையும் தேவைப்படும். கியர்பாக்ஸ் ஆயிலும் பின் ஆக்சில் ஆயிலும் இவ்வாறே. ஒரு வாரம் ஓடியபின் பிளக்குகளைக் கழற்றி, நிறங்களை நோட்டுப் புத்தகத்தில் குறித்து, வெள்ளத்துக்கு முன் எழுதியவற்றோடு ஒப்பிட்டுக் கொள்க.